மரியாதை மெஷின்

நாலாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் வெண்கலம். எல்லாம் அந்தக் குரலால் வந்தது. அவர் மூச்சை இழுத்து ஒரு தடவை “சத்தம்!” என்றால் போதும், நாலாம் வகுப்போடு சேர்ந்து பக்கத்து அறையில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும் இரண்டாம் வகுப்பும் கப்சிப் ஆகிவிடும். அந்தப் பெயர் தனக்குத் தெரியும் என்று டீச்சர் காட்டிக்கொண்டதே இல்லை. தெரியாத மாதிரி இருந்தால் இன்னும் நாலு விஷயம் காதில் விழும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை மதியம் ஹெட்மாஸ்டர் எல்லா ஆசிரியர்களையும் தன் அறைக்குக் கூப்பிட்டு மேலிடத்து உத்தரவைப் படித்துக் காட்டினார். கணினி இனிமேல் வாரத்துக்கு ஒரு பீரியட் நடக்கிற தனிப் பாடம் இல்லை. மொழி, கணக்கு, அறிவியல் என்று எல்லாப் பாடத்திலும் அது கலந்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அதிகாரி ஒருவர் வந்து ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார்.

“சோத்துல உப்பு மாதிரின்னு வெச்சுக்குங்க,” என்று விளக்கினார் ஹெட்மாஸ்டர். “தனியா தெரியக் கூடாது. ஆனா இருக்கணும்.”

“உப்பு கூடிப்போச்சுன்னா சார்?” என்று கேட்டார் வெண்கலம்.

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அதுக்குத்தான் உங்க வகுப்பையே அதிகாரிக்குக் காட்டலாம்னு இருக்கேன். நீங்கதானே எதுக்கும் முதல்ல வாய் திறக்கறீங்க.”

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. மற்ற ஆசிரியர்கள் நிம்மதியாக டீயை உறிஞ்சினார்கள்.

ஒருவருக்கு மட்டும் டீ இறங்கவில்லை. அவர் கணினி ஆசிரியர். கணினி அறையின் சாவி எந்நேரமும் அவருடைய பெல்ட்டில் தொங்கும். நடந்தால் கிணுங் கிணுங்கென்று சத்தம் வரும். அதனால் பள்ளிக்கூடம் முழுக்க அவர் சாவி சார். அந்த அறையில் கணினிகள் துணியைப் போர்த்திக்கொண்டு காய்ச்சல்காரர்கள் மாதிரி வரிசையாக இருக்கும். பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், கைகட்டி உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக் கணினியின் பாகங்களை ஒப்பிப்பார்கள். போர்வையை விலக்கும் உரிமை சாவி சார் ஒருவருக்குத்தான்.

“என் பாடத்தைக் கூறு போட்டுட்டாங்க டீச்சர்,” என்றார் அவர் வராந்தாவில். “ஆளுக்கு ஒரு கூறு எடுத்துட்டுப் போங்க. நான் சாவியை ஆட்டிக்கிட்டு சும்மா சுத்தறேன்.”

“சும்மா ஏன் சுத்தறீங்க? ஒரு லேப்டாப்பையும் சுவத்துல படம் காட்டற அந்தப் பெட்டியையும் எடுத்துக்கிட்டு என் கிளாசுக்கு வாங்க.”

“வெளிய எடுத்தா தூசி படும் டீச்சர்.”

“அதிகாரி வந்து, போர்வைக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா? அது தூங்குது, எழுப்பாதீங்கன்னு சொல்வீங்களா?”

மறுநாள் லேப்டாப் வந்தது. கூடவே சாவி சாரும் வந்தார். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுத்தவரைப் போலக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்கலத்துக்குக் கணினியில் தெரிந்தது கையளவுதான். பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். திரையில் கலர் கலராகச் சின்னச் சின்னக் கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கட்டளை. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்த்துவிட்டால் கணினி அதன்படி நடக்கும். அவ்வளவுதான் அங்கே கற்றுக்கொண்டு வந்தது.

“இது ரொம்ப நல்ல பிள்ளை,” என்று வகுப்பில் லேப்டாப்பை அறிமுகப்படுத்தினார். “ஆனா மண்டையில ஒண்ணும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்யும். நீங்க தப்பா சொன்னா, அந்தத் தப்பையும் ரொம்பச் சுத்தமா செய்யும்.”

எடுத்துக்கொண்ட பாடம் ஒருமை, பன்மை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைப் பன்மையாக்கித் தரும் மெஷின் ஒன்றைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். முதல் விதி சுலபமாக இருந்தது. எந்தச் சொல் வந்தாலும் பின்னால் ‘கள்’ சேர். ஆடு, ஆடுகள். வீடு, வீடுகள். வகுப்பே கை தட்டியது. அடுத்து ‘மரம்’ என்று கொடுத்தார்கள். சுவரில் ‘மரம்கள்’ என்று விழுந்தது.

“ஐயே!” என்று எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். போன பரீட்சையில் ‘மரம்கள்’ என்று எழுதிவைத்தவர்கள்தான் இருப்பதிலேயே அதிகமாகச் சுளித்தார்கள்.

‘ம்’ என்று முடிந்தால் அதைத் தூக்கிவிட்டு ‘ங்கள்’ போடு என்று ஒரு கட்டை சேர்ந்தது. பூவுக்காக ஒரு ‘க்’. கல்லுக்காக ஒரு ‘ற்’. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அணுகுண்டு ‘கால்’ என்று தட்டினான். அணுகுண்டு என்பவன் வகுப்பிலேயே சின்ன உருவம். சத்தம் மட்டும் உருவத்துக்குப் பத்து மடங்கு. மெஷின் ‘காற்கள்’ என்றது.

“டீச்சர், எனக்கு ரெண்டு காற்கள்!” என்று பெஞ்சு மேல் ஏறிக் குதித்தான்.

கல் மாறுகிறது, கால் ஏன் மாறவில்லை? பல், பால், சொல், வால், வேல் என்று கரும்பலகை நிறைந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் குழந்தை எழுந்தாள். எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்பாள். அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். “டீச்சர், முதல் எழுத்து குட்டையா இருந்தா மாறுது. நீட்டிச் சொன்னா மாறலை,” என்றாள்.

பதினெட்டு வருஷமாக டீச்சர் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்த விதி. இன்றைக்குத்தான் அதை ஒரு பிள்ளை வேண்டும் என்று தேடி எடுத்திருக்கிறாள். அவர் அதைக் கரும்பலகையில் எழுதத் திரும்பிய நேரத்தில் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

“அந்தக் கட்டையை வெளிய வைக்காதீங்க! உள்ள, உள்ள, ‘இருந்தால்’க்கு உள்ள வைங்க!” சாவி சார் தன்னை மறந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் இடம் முன் பெஞ்சு.

இத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் வம்பில்லை. அணுகுண்டு ஒரு நாள் ‘நீ’ என்று தட்டித் தொலைத்தான். ‘நீக்கள்’ என்றது மெஷின். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது.

“நீங்கள்,” என்று டீச்சர் திருத்தினார். “பல பேரைப் பார்த்துச் சொன்னா நீங்கள்.”

கேள்விக்குறி எழுந்தாள். “நீங்க ஒருத்தர்தானே டீச்சர்? உங்களை ஏன் நாங்க ‘நீங்க’ன்னு சொல்றோம்?”

“அது மரியாதைக்கு.”

“மரியாதைன்னா ஒருத்தரைப் பல பேரா எண்ணறதா டீச்சர்?”

வெண்கலம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். உண்மையில் அப்படித்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு அது பிடித்துக்கொண்டது. பன்மை மெஷினை ஓரம் கட்டிவிட்டு மரியாதை மெஷின் செய்யக் கிளம்பிவிட்டார்கள். ‘வா’ என்று கொடுத்தால் ‘வாங்க’. ‘உட்காரு’ என்றால் ‘உட்காருங்க’. அதற்குப் பேசும் குரலையும் சாவி சார் வைத்துக் கொடுத்தார். உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரல். சாவு வந்தாலும் கல்யாணம் வந்தாலும் ஒரே மாதிரிதான் பேசும். அணுகுண்டு சும்மா இருப்பானா? ‘போடா’ என்று கொடுத்தான்.

“போடாங்க,” என்றது குரல், மிக்க மரியாதையோடு.

கண்டிக்க வேண்டியது டீச்சரின் கடமை. ஆனால் அவர் அவசரமாக வராந்தாவுக்குப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்துவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வந்தவரைப் பிடித்துக்கொண்டாள் கேள்விக்குறி. எல்லாருக்கும் ‘ங்க’ போட்டால் தம்பிக்கும் போட வேண்டிவரும். யாருக்குப் போடுவது, யாருக்கு விடுவது?

டீச்சரின் மேசையில் திருத்தாத நோட்டுகள் குவிந்து கிடந்தன. மணியடிக்கப் போகிற நேரம். “பெரியவங்களுக்குப் போடு,” என்று சொல்லிவிட்டார்.

“பெரியவங்கன்னா?”

“வயசுல பெரியவங்க.”

இப்படி வாய்தவறி விழுந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் சட்டமாக்கிவிட்டார்கள். பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று இரண்டு கட்டங்கள். கேட்கிறவர் வயது அதிகமாக இருந்தால் ‘ங்க’, இல்லாவிட்டால் கிடையாது. சட்டம் போட்டால் போதுமா, வயது வேண்டாமா? இடைவேளை மணி அடித்ததும் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி எல்லாரிடமும் வயது கேட்டார்கள். பாட்டு டீச்சர் இருபத்தொன்பது என்று சொல்லிவிட்டு, கேட்டவன் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினார். ஹெட்மாஸ்டர் ஐம்பத்திரண்டு. சாவி சார் முப்பத்தைந்து. பெருக்கித் துடைத்து, மணியடித்து, எல்லாருக்கும் டீ வாங்கி வரும் ஆயாம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்து, ஐம்பத்தெட்டு இருக்கும் என்றார். வெண்கலம் தன் முறை வந்தபோது, கண்ணை இமைக்காமல் நாற்பது என்றார்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனார். கணவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வாடிக்கையாளர்கள் எல்லாரையும் ‘வாங்க, உட்காருங்க, இந்த வரியைப் படிங்க’ என்று தாங்கு தாங்கென்று தாங்கிவிட்டு வருவதால், வீட்டுக்கு வரும்போது மரியாதை எல்லாம் தீர்ந்து போயிருக்கும்.

“ஏய், இங்க வா. ரிமோட் எங்க?” என்றார் சோபாவிலிருந்து.

டீச்சருக்குக் குறும்பு தலைக்கேறியது. அவர் கணவரைவிட நாலு மாதம் மூத்தவர். பெண் பார்த்த காலத்திலேயே இரண்டு வீட்டாரும் சேர்ந்து அமுக்கிய விஷயம் அது. அந்த மாதக் கணக்கில் இப்போது அவருக்கு நாற்பத்து மூன்று, கணவருக்கு நாற்பத்திரண்டு. தன் நாற்பதை அழித்து உண்மையைப் போட்டு, கணவரின் வயதையும் சேர்த்தார். பேசுகிறவர் கணவர், கேட்கிறவர் மனைவி என்று கொடுத்து, கணவர் சொன்னதையே தட்டினார்.

“இங்க வாங்க,” என்றது லேப்டாப்.

கணவருக்கு டீ புரையேறியது. “என்ன இது?”

“உங்களுக்கு மரியாதை சொல்லிக் குடுக்குது.”

“இதையா பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றே?”

“‘தர்றீங்க’,” என்று திருத்தினார் மனைவி. ரிமோட்டை அவர் தேடிக் கொடுக்கவில்லை. அது கணவரின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே அணுகுண்டு வெடித்தான். “டீச்சர்! ஒரே ராத்திரியில மூணு வயசு கூடிட்டீங்க!” நாற்பதைத் திரும்பப் போட மறந்துவிட்டிருந்தார். முன் பெஞ்சில் சாவி சார், பெல்ட்டில் தொங்கும் சாவியை ரொம்ப உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, காரில் வருவார் என்று ஹெட்மாஸ்டர் தாமாகவே முடிவு கட்டி, வாசலில் கார் நிற்க இடம் ஒதுக்கி, ஆயாம்மாவைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார். ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து அந்த இடத்தில் வண்டியை நிறுத்தப் போனார்.

“இங்க வேணாம்மா, அப்படி ஓரமா நிறுத்திக்கோ. அதிகாரி வண்டி வரப்போகுது,” என்றார் ஆயாம்மா.

“சரிங்கம்மா,” என்று அந்தப் பெண் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். அவர்தான் அதிகாரி. ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு உருண்டது. “வாங்க மேடம், வாங்க மேடம்,” என்று வகுப்புவரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பன்மை மெஷின் மானத்தைக் காப்பாற்றியது. அதிகாரி ‘முள்’ கொடுத்தார், முட்கள் என்றது. ‘கால்’ கொடுத்துக் கவிழ்க்கப் பார்த்தார், கால்கள் என்றது. குட்டை எழுத்து, நெட்டை எழுத்து விவகாரத்தைக் கேள்விக்குறி விளக்கியதும் அதிகாரி பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்.

அங்கேயே முடித்திருக்கலாம். ஹெட்மாஸ்டருக்குத்தான் பெருமை தாங்கவில்லை. “இன்னொண்ணும் இருக்கு மேடம். மரியாதை மெஷின். மொழிப்பாடம், கணினி, நல்லொழுக்கம், மூணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு.” அவர் அதை ஒரே ஒரு தரம் பார்த்திருந்தார். அப்போது அது அவரை ‘உட்காருங்க’ என்று சொல்லியிருந்தது.

வெண்கலத்துக்கு அந்த வயதுச் சட்டம் ஞாபகம் வந்தது. ‘வேண்டாம் சார்’ என்று கண்ணால் காட்டிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஆயாம்மா டீயோடு உள்ளே வந்தார். “ஏய், டீயை இங்க வை,” என்றார் ஹெட்மாஸ்டர். வழக்கமாகச் சொல்வதுதான், அதில் கோபமோ வெறுப்போ ஒன்றும் கிடையாது.

“சார் சொன்னதையே போடலாம்,” என்றாள் கேள்விக்குறி. அவள் மனதில் ஒரு துளி கள்ளம் இல்லை. கையில் வந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பேசுகிறவர் ஹெட்மாஸ்டர். கேட்கிறவர் ஆயாம்மா.

“டீயை இங்க வைங்க,” என்றது குரல்.

ஆயாம்மா தட்டைக் கையில் பிடித்தபடி, யார் பேசியது என்று சுவரைப் பார்த்தார்.

“மெஷின் ஏதோ தப்பா சொல்லுது,” என்றார் ஹெட்மாஸ்டர்.

“இல்ல சார், சரியாத்தான் சொல்லுது,” என்றான் அணுகுண்டு. “ஆயாம்மா உங்களைவிட ஆறு வயசு பெரியவங்க.”

ஹெட்மாஸ்டர் சமாளிக்கப் பார்த்தார். “சரி சரி, அதை விடு. மேடமுக்குப் போட்டுக் காட்டு. நான் மேடமைக் கூப்பிடற மாதிரி.” அங்கேதான் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

“மேடம், உங்க வயசு என்ன?” என்று கேட்டாள் கேள்விக்குறி.

“முப்பத்தொண்ணு,” என்றார் அதிகாரி.

வெண்கலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“மேடம், இங்க வா,” என்றது மெஷின், தெளிவாக, பின் சுவர்வரை கேட்கும்படி.

ஹெட்மாஸ்டரின் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. சாவி சார் லேப்டாப்பின் வாயைப் பொத்துவதுபோல ஸ்பீக்கர் மேல் கையை வைத்தார். பிள்ளைகள் சிரிப்பதா கூடாதா என்று வெண்கலத்தின் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அதிகாரிதான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப விதியை மாத்தணும் போலிருக்கே? என்ன விதி சார் போடலாம்?” என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார்.

“வயசு மட்டும் இல்ல மேடம்... பதவின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“சரி சார், பதவிக்கு ஒரு கட்டை போட்டுடறோம்,” என்று கேள்விக்குறி கட்டையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். “பதவி பெரிசா இருந்தா ‘ங்க’. சின்னதா இருந்தா, வயசு பெரிசா இருந்தாலும் வேணாம். அப்படித்தானே சார்? ஆயாம்மாவுக்கு ‘ங்க’ வேணாம்னு போடவா?”

ஹெட்மாஸ்டர் இருபது வருஷமாக நாள் தவறாமல் செய்துவந்த காரியம்தான் அது. அதற்கு ‘ஆமாம், போடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆயாம்மா தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் தட்டைப் பார்த்தார். “டீ ஆறிடும் மேடம்,” என்றார்.

அதிகாரி வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. யாருக்குப் போடலாம்?”

“அடிக்கறவங்களுக்கு எல்லாம் போடணும்!” என்றான் அணுகுண்டு.

“எங்கம்மாவுக்குக் கோவம் வந்தாத்தான் என்னை ‘வாங்க மகாராணி’ன்னு கூப்பிடுவாங்க,” என்றாள் இன்னொருத்தி. “‘ங்க’ வந்தாலே எனக்குப் பயம்.”

“எங்க அக்கா கைப்பாப்பாவைக்கூட ‘குளிக்கப் போறீங்களா, சாப்பிடப் போறீங்களா’ன்னுதான் கொஞ்சுவா.”

“எல்லாருக்கும் போட்டுட்டா இந்தக் கட்டை ஒண்ணுமே வேணாம்,” என்று கேள்விக்குறி கணக்குப் போட்டாள். “ஒரே வரிதான்.”

“நாய்க்குமா?” என்று கேட்டார் அதிகாரி.

“எங்க வீட்டு நாய்க்குக் கட்டாயம் போடணும்,” என்றான் அணுகுண்டு. “அது கடிக்கும்.”

மணியடிக்க வேண்டியவர் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததால் அன்று மணியே அடிக்கவில்லை. விதி முடிவாகவும் இல்லை. கிளம்பும்போது அதிகாரி வெண்கலத்திடம், “ரெண்டு பீரியட் உட்கார்ந்திருக்கேன். கணினிப் பாடம்னு ஒண்ணு நடந்ததாவே தெரியலை,” என்றார். திட்டுகிறாரா என்று வெண்கலம் திகைத்தபோது, “அதுக்குத்தானே அந்த உத்தரவே போட்டோம்,” என்று சிரித்தார். வழியனுப்ப வந்த ஹெட்மாஸ்டருக்கு நாக்கு குழறியது. “போயிட்டு வா...” என்று ஆரம்பித்து, நடுங்கிப்போய், “...ருங்கள் மேடம்!” என்று பாதியில் இலக்கணத் தமிழுக்குத் தாவிக் கரையேறினார்.

மறுநாள் வெண்கலத்துக்கு அழைப்பு வந்தது.

“நாலு பேர் முன்னாடி என்னை இப்படி நிறுத்திட்டீங்களே டீச்சர்.”

“நான் எங்க சார் நிறுத்தினேன்? காட்டுன்னு சொன்னது நீங்கதானே. நான் கண்ணாலயே எவ்வளவோ சொன்னேன்.”

“கண்ணால என்னத்தைச் சொன்னீங்க? இவ்வளவு பெரிய குரல் எதுக்கு இருக்கு?” என்றார் ஹெட்மாஸ்டர்.

கோபத்தைத் தொடர்வதற்குள் மழைச்சாரல் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்தது. அவர் பழக்கத்தில் மேசை மணியைத் தட்டினார். ஆயாம்மா வந்து நின்றார். ஹெட்மாஸ்டர் வாயைத் திறந்தார். ‘ஏய்’ என்று வரவேண்டியது வரவில்லை. ‘ங்க’வும் வரவில்லை, இருபது வருஷம் வளைந்த நாக்கு அப்படி ஒரே நாளில் நிமிர்ந்துவிடுமா?

“அந்த ஜன்னல்... சாத்தினா நல்லா இருக்கும்,” என்றார் சுவரைப் பார்த்து.

ஆயாம்மா சுவரைத் திரும்பிப் பார்த்தார். “யார் சார் சாத்தணும்?”

“சாத்தப்பட்டா... சாரல் வராது.”

ஆயாம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு, வெண்கலத்தின் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார். “சாருக்கு உடம்புக்கு ஏதாவதா டீச்சர்? காலையிலேருந்து இப்படித்தான். ‘வாளி அங்க போனா தேவலை’ங்கறாரு. ‘டீ வந்தா குடிக்கலாம்’ங்கறாரு. வாளி தானா நடந்து போகுமா?”

வெண்கலம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்ததை விளக்கினார். ஆயாம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டபிறகு, சாவி சார் பெட்டியை மூடுவதற்கு முன்னால், நாலாம் வகுப்புக்கு வந்து லேப்டாப்பின் எதிரில் நின்றார். “அதை நான் பேசற மாதிரி பேச வைக்க முடியுமா?”

“யார்கிட்ட பேசணும்?” என்று கேட்டார் சாவி சார்.

ஆயாம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “சார்கிட்டதான்.”

விதி இன்னும் முடிவாகாததால் பழைய வயதுக் கட்டைதான் அப்படியே இருந்தது. பேசுகிறவர் ஆயாம்மா. கேட்கிறவர் ஹெட்மாஸ்டர்.

“சார், இங்க வா,” என்றது குரல்.

ஆயாம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெஞ்சில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னொரு தரம்,” என்றார்.

“சார், இங்க வா.”

“வந்துட்டேன்,” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

ஹெட்மாஸ்டர் குடையும் பையுமாக வீட்டுக்குக் கிளம்பி வந்தவர், அங்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சாவி சார் பட்டென்று லேப்டாப்பை மூடினார். வெண்கலம் கைக்கு எட்டிய நோட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். ஆயாம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

ஹெட்மாஸ்டர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். தொண்டையைச் செருமினார். முகத்தில் கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. சிரிப்பைத் தேடினாலும் கிடைக்கவில்லை. பல் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்தவர் முகம் மாதிரி இருந்தது.

“கூப்பிட்டாச்சு. வந்துட்டேன். என்ன விஷயம்? சொல்...” என்று நிறுத்தி, எச்சிலை விழுங்கி, “...லுங்க,” என்றார்.

ஆயாம்மா முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பின்பக்கத் தொட்டிக் குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கு சார். எத்தனை தரம் சொல்லியிருக்கேன்? அப்புறம், மணி ரொம்ப உசரத்துல கட்டியிருக்கு. எனக்கு எட்டலை, மூட்டு வலியோட எம்பி எம்பித்தான் அடிக்கறேன். ஒரு முக்காலி வேணும். துடைப்பம் தேஞ்சு வெறும் கட்டைதான் மிச்சம். அப்புறம் அந்த அஞ்சாம் வகுப்பு சார், சாக்பீஸ் துண்டை எல்லாம் ஜன்னல் வழியா கீழ போடறாரு, அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும்...”

“இருங்க, இருங்க,” என்றார் ஹெட்மாஸ்டர். இந்தத் தடவை அது தடுக்காமல் வந்தது. குடையைக் கரும்பலகை ஓரம் சாய்த்து வைத்துவிட்டு, நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். “மொதல்ல குழாயைச் சொல்லுங்க. எந்தப் பக்கம் ஒழுகுது?”